மூட்டை என்றால் எத்தனை கிலோ? காவிரிப் படுகையில் தொழிற்பேச்சைப் பிடித்துக்கொள்ளும் வழி

பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள் என்று பள்ளிக்கூட இலக்கணத்தில் படித்திருப்போம். குழூஉக்குறி என்று பெயர். ஒரு தொழில்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொல், பக்கத்தில் நிற்கிறவருக்குப் புரியாது. பரீட்சை முடிந்ததும் மறந்துபோகிற பாடம்தான். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் நெல் விற்க, மாடு பிடிக்க, மேளம் பேச, விக்கிரகம் சொல்லிவைக்கப் போகிற எவருக்கும் அது இன்றும் கைக்காசு சம்பந்தப்பட்ட விஷயம். இங்கே தொழிற்பேச்சில் பெரும்பாலும் ஒளிந்திருப்பது ஓர் அளவு: எத்தனை கிலோ, எத்தனை சதுர அடி, எத்தனை ஆயிரம், எத்தனை பேர். விலையில் ஏமாறுகிறவர்கள் குறைவு. அளவைக் கேட்காமல் விலையை மட்டும் பேசி இழப்பவர்கள்தான் அதிகம். அதனால் எந்தத் தொழிலானாலும் முதல் கேள்வி, “நீங்க சொல்றது எவ்வளவு?” என்பதாக இருக்கட்டும். “என்ன விலை?” அதற்குப் பிறகு.

நிலம்: ஏக்கரை மறந்து மாவுக்கு வாருங்கள்

பத்திரத்தில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும், புரோக்கர் ஏக்கர் சொல்வார், வயலில் நிற்கிறவர் மா என்பார். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு மா சுமார் 33 சென்ட். மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். வேலி என்பது ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே.

நடவு, களையெடுப்பு, குத்தகை எல்லாமே மாவுக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படும். ஏக்கருக்கு என்று காதில் விழுந்தால் கணக்கு மூன்று மடங்கு தப்பிவிடும். குத்தகைப் பேச்சில் பெரியவர்கள் ‘மாவுக்கு இத்தனை கலம்’ என்பார்கள். 12 மரக்கால் ஒரு கலம். இரண்டு கலம் ஒரு மூட்டை என்று வைத்துத்தான் இப்போது தீர்க்கிறார்கள். நெல்லாக அளப்பதா, அன்றைய விலைக்குப் பணமாகக் கொடுப்பதா, பணம் என்றால் எந்த விலை, அரசு விலையா வியாபாரி விலையா என்பதை நடவுக்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அறுப்பு முடிந்து களத்தில் நின்றுகொண்டு பேசினால் அது சண்டையில்தான் முடியும்.

ஆள் பேசும்போது ‘ஆள் கணக்கா, மா கணக்கா’ என்று கேளுங்கள். ஆள் கணக்கென்றால் நாள் கூலி. மா கணக்கென்றால் மொத்தமாக ஒப்புக்கொண்டு முடித்துக் கொடுப்பது. மா கணக்கில் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் நாற்றை இடைவெளி கூட்டி நட்டுவிட்டுப் போகிற ஆபத்து உண்டு. குறுவையில் குத்துக்குக் குத்து இடைவெளி கூடிப்போனால் தூர் வெடித்து ஈடுகட்ட நாள் போதாது. அதனால் நடவு நடக்கும்போது வரப்பில் ஒருவர் நிற்பது நல்லது.

நெல்: மூட்டையும் சிப்பமும் ஒன்றல்ல

அதிகப் பணம் புரளுவதும் நழுவுவதும் இங்கேதான். வியாபாரி பேசுவது மூட்டை. அது 60 கிலோ. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பேசுவது சிப்பம். அது 40 கிலோ. அரசு அறிவிப்பு வருவது குவிண்டால் கணக்கில், 100 கிலோ. மூன்றையும் ஒரே தாளில் எழுதிவைத்துக்கொண்டால் தலை சுற்றாது. ஒரு மூட்டைக்கு ஒன்றரைச் சிப்பம், ஒரு குவிண்டாலுக்கு இரண்டரைச் சிப்பம்.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு பொது ரகத்துக்கு 2,369 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாயும் அறிவித்தது. மாநில ஊக்கத்தொகை சேர்ந்து தமிழ்நாட்டில் அது குவிண்டாலுக்கு 2,500, 2,545 என்று ஆனது. பொது ரகத்தில் சிப்பம் 1,000 ரூபாய், மூட்டைக் கணக்கில் 1,500 ரூபாய். மனதில் வைத்துக்கொள்ள எளிய எண்கள். வியாபாரி களத்துக்கு வந்து மூட்டை 1,400 என்றால் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பது உடனே தெரிந்துவிடும். ரொக்கம் கையில் வருகிறது, காத்திருக்க வேண்டாம், காயவைக்க வேண்டாம் என்பதற்கெல்லாம் சேர்த்து நூறு ரூபாய் தகுமா என்பது அவரவர் நிலைமை.

அடுத்து எடை. “மூட்டை எத்தனைக்குப் பிடிக்கிறீங்க அண்ணே?” என்று வாயைத் திறந்து கேளுங்கள். சிலர் 61, சிலர் 62 என்று பிடிப்பார்கள். சாக்கு எடை, காய்ச்சல் கழிவு, மண் தூசு என்று காரணம் சொல்வார்கள். இரண்டு கிலோ கூடப் போனால் 2,500 ரூபாய் விலையில் மூட்டைக்கு 50 ரூபாய். மாவுக்கு பத்து மூட்டை கண்டால் ஏக்கருக்கு 1,500 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். முதலில் வெறும் சாக்கைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். அந்த எடையை மட்டும் கழிக்கட்டும். வேறு கழிவு இருந்தால் அதை விலையிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

‘பச்சையா எடுத்துக்கறேன்’ என்றால் அறுத்த ஈரத்தோடு வாங்கிக்கொள்வது. மெஷின் அறுப்பில் இறங்குகிற நெல்லில் ஈரப்பதம் 20-லிருந்து 25 வரை நிற்கும். கொள்முதல் நிலையத்தின் வரம்பு 17 சதவீதம். 22 சதவீத ஈரத்தில் இருக்கும் 60 கிலோ, 17-க்கு இறங்கும்போது 56 கிலோ 400 கிராம் ஆகிவிடும். அறுபதை 78-ஆல் பெருக்கி 83-ஆல் வகுத்தால் வருவது அது. ஆக, பச்சை நெல்லுக்கு வியாபாரி குறைத்துக் கேட்பதில் ஒரு பங்கு நியாயம் உண்டு. மூட்டைக்கு மூன்றரைக் கிலோ தண்ணீர். அதைத் தாண்டிக் குறைத்தால் அது அவருடைய லாபம், அதை வைத்து நாமும் பேரம் பேசலாம்.

ஈரம் பார்க்கும் விதம்: ஒரு நெல்லைக் கடைவாயில் வைத்துக் கடித்தால் ‘கடக்’ என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் காயவில்லை. இது நாள்பட்டுப் பழகியவர்களின் சோதனை. நிலையத்தில் மீட்டரின் எண்தான் செல்லும். அம்பாரத்தின் மேல்பக்கம் காய்ந்திருக்கும், அடியில் ஈரம் நிற்கும். ஐந்து இடங்களில் முழங்கை ஆழத்துக்குக் கைவிட்டு எடுத்துக் கலந்து காட்டச் சொல்லுங்கள். வெயிலில் இருந்து சூடாக எடுத்த நெல்லை உடனே மீட்டரில் போட்டால் எண் ஏறியிறங்கும். நிழலில் கொஞ்சம் ஆறவிட்டுப் பார்க்க வேண்டும்.

காயப்போடும்போது இரண்டு விரற்கட்டைக்கு மேல் கனமாகப் பரப்பாதீர்கள். அரை மணிக்கொரு தடவை காலால் கீறிவிட வேண்டும். சாயங்காலம் குவித்துப் படுதா போட்டு மூடினால் உள்ளே வேர்க்கும். காலையில் வெயில் ஏறியதும் முதல் வேலையாகப் படுதாவைத் திறக்க வேண்டும். இரண்டு நாள் திறக்காமல் விட்டால் நெல் வெந்து நிறம் மாறும், மூன்றாம் நாள் முளை கட்டும். குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையோடு மோதுவதால்தான் ஒவ்வொரு வருஷமும் இந்தப் பாடு. தை, மாசியில் வரும் சம்பா, தாளடி நெல்லுக்கு இவ்வளவு அவஸ்தை இருக்காது.

நிலையத்தில் அடிக்கடி காதில் விழுகிற மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பதர் என்றால் உள்ளே அரிசியே இல்லாத வெறும் உமி, ஊதினால் பறக்கும். கருக்கா என்றால் பால் பிடித்தும் முற்றாத அரைகுறை நெல், ஊதினால் பறக்காது. சண்டு என்றால் உடைந்த வைக்கோல், தூசு. பதரும் சண்டும் தூற்றினால் போய்விடும். கருக்கா போகாது. அதற்கு வரம்பு 3 சதவீதம்தான். மண், கல் 1 சதவீதம், சண்டு போன்றவை 1 சதவீதம், நிறம் மாறியது, முளைத்தது, அடிபட்டது எல்லாம் சேர்த்து 5 சதவீதம். ‘கருக்கா அதிகம்’ என்று சொல்லித் திருப்பினால், “தூத்திட்டு வரவா, இல்ல கருக்காவேதானா?” என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பதரைத்தான் சொன்னார்கள் என்றால் தூற்றினால் தீர்ந்தது. கருக்காவேதான் என்றால் மறுபடி மறுபடி தூற்றிக் கூலி அழ வேண்டியதில்லை.

‘கலப்பு’ என்பது ரகம் கலந்தது. பெரும்பாலும் வயலில் நடப்பதில்லை, அறுப்பு மெஷினில் நடப்பது. பக்கத்து வயலில் சி.ஆர். 1009 அறுத்துவிட்டு அப்படியே உங்கள் பி.பி.டி. வயலில் இறங்கினால் டேங்கில் தங்கிய மோட்டா நெல் உங்கள் சன்னத்தில் விழும். சன்ன ரகத்தின் விலை கைவிட்டுப் போக அது போதும். மெஷின் வயலில் இறங்குவதற்கு முன் டேங்கை முழுக்கக் கொட்டச் சொல்லுங்கள். முதல் ஒரு சாக்கைத் தனியாக வைத்துவிடுங்கள். மெஷின் பேசும்போது ‘பெல்ட்டா, டயரா’ என்ற கேள்வி வரும். வயலில் ஈரம் இருந்தால் பெல்ட் வண்டிதான் இறங்கும், மணிக்கூலியும் அதற்குத்தான் அதிகம். சாய்ந்த பயிருக்கு நேரம் கூடும் என்பதால் மணிக்கணக்கில் பேசுவதைவிட மாவுக்கு மொத்தமாகப் பேச முடிந்தால் பேசிவிடுங்கள்.

சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் நான்கும் ஒரே பெயரில், ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கின்றனவா என்று அறுப்புக்கு ஒரு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள். குத்தகை நிலமானால் அடங்கலில் யார் பெயர் ஏறியிருக்கிறது என்பது பெரிய விஷயம். நெல் களத்தில் கிடக்கும்போது கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைவது மழையோடு பந்தயம் வைப்பது போல.

மாடு: விரல் பேசும், பூஜ்ஜியம் பேசாது

சந்தையில் தரகரும் வாங்குகிறவரும் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம். ஒருவருக்குச் சொன்ன விலை அடுத்தவர் பேரத்தைக் கெடுக்காது. பிடித்த விரல்களின் எண்ணிக்கைதான் விலை. சிக்கல் எங்கே என்றால், விரலில் பூஜ்ஜியம் கிடையாது. மூன்று விரல் மூவாயிரமாகவும் இருக்கலாம், முப்பதாயிரமாகவும் இருக்கலாம். முதல் பிடி பத்தாயிரம், இரண்டாம் பிடி ஆயிரம் என்பது ஒரு வழக்கம். ஆறு முதல் ஒன்பது வரை எப்படிப் பிடிப்பது என்பது சந்தைக்குச் சந்தை மாறும். அதனால் துண்டுக்குள் கையை விடும் முன் தரகரைத் தனியே அழைத்து, “ஒரு விரல் எவ்வளவுங்க? மிச்சத்தை எப்படிப் பிடிப்பீங்க?” என்று கேட்டு, ஒரு தொகையைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். புதியவர் கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. கேட்காமல் தலையாட்டிவிட்டுப் பிறகு மறுப்பதுதான் தப்பு. அச்சாரம் கொடுத்துக் கயிறு கை மாறிவிட்டால் பேச்சு முடிந்தது. தரகு யார் கொடுப்பது, இரண்டு பக்கமுமா என்பதையும் அதற்கு முன்பே தீர்த்துவிடுங்கள்.

வயதைப் பல்லில் சொல்வார்கள். மாட்டுக்குக் கீழ்த்தாடையில் மட்டும்தான் முன்பல், மொத்தம் எட்டு. ‘பல் போடாதது’ என்றால் பால்பல் மட்டும் உள்ளது, இரண்டு வயதுக்கு உட்பட்டது. ‘ரெண்டு பல்’ இரண்டு, இரண்டரை வயது. ‘நாலு பல்’ மூன்று வயதை ஒட்டி. ‘ஆறு பல்’ மூன்றரையிலிருந்து நான்கு. எட்டும் வந்துவிட்டால் ‘பல் சேர்ந்துடுச்சு’ என்பார்கள், நாலரை, ஐந்து வயது. அதற்குப் பிறகு எண்ணிக்கை உதவாது, தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும். பல் குட்டையாகி நடுவில் சந்து விழுந்திருந்தால் கிழடு. வாயைத் திறந்து பார்ப்பது வாங்குகிறவரின் உரிமை. பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

கறவை மாட்டில் கவனிக்க வேண்டிய சொல் ‘நேரம்’. ‘நேரத்துக்கு அஞ்சு லிட்டர்’ என்றால் ஒரு கறவைக்கு ஐந்து, நாளுக்குப் பத்து. வெறுமனே ‘அஞ்சு லிட்டர் கறக்கும்’ என்றால் எதற்கு என்று கேட்டே ஆக வேண்டும். சந்தைக்கு முந்தின நேரம் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் கொண்டுவருவது பழைய வித்தை. அதற்கு ஒரே மருந்து, வீட்டுக்குப் போய்ச் சாயங்காலமும் மறுநாள் காலையும் அடுத்தடுத்து இரண்டு நேரம் கண்ணெதிரே கறந்து பார்ப்பது. நான்கு காம்பையும் தனித்தனியாகப் பீய்ச்சிப் பாருங்கள். ஒன்றில் கட்டி கட்டியாகவோ தண்ணீராகவோ வந்தால் மடிநோய் வந்துபோன மாடு. ‘தலை ஈத்து’ முதல் கன்று போட்டது, ‘ரெண்டாம் ஈத்து’ அடுத்தது. ‘சினை’ என்று சொல்லி விற்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யும்வரை முழுப்பணம் கொடுக்காதீர்கள்.

சுழி பார்க்கிற பேச்சும் வரும். தாமணிச் சுழி, இராஜ சுழி நல்லது, பாடைச் சுழி, துடைப்பச் சுழி ஆகாது என்பார்கள். பாலுக்கும் உழைப்புக்கும் சுழிக்கும் தொடர்பில்லை. ஆனாலும் விற்கும்போது விலையைக் குறைக்கும் என்பதால் வாங்கும்போதும் குறைத்துக் கேட்கலாம். இந்த மண்ணின் இனமான உம்பளாச்சேரியைத் ‘தெற்கத்தி மாடு’, ‘மொட்டை மாடு’ என்பார்கள். மொட்டை என்பது உழவு மாட்டுக்குக் கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கத்தால் வந்த பெயர். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நான்கு காலிலும் கீழ்ப்பக்கம் வெள்ளை, கன்றில் செம்பழுப்பாகப் பிறந்து வளரும்போது சாம்பலுக்கு மாறுவது, இவைதான் அடையாளம். சேற்று வயலில் சலிக்காமல் நடக்கிற மாடு. பால் குறைவு என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

வெற்றிலை

கும்பகோணத்து வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலில் பேச்சு கவுளிக் கணக்கு. இங்கே கவுளி என்றால் 100 வெற்றிலை, வேறு ஊர்களில் எண்ணிக்கை குறையும். வெளியூரில் வாங்குவதானால் கேட்டு எண்ணிக்கொள்ளுங்கள். கொழுந்து வெற்றிலை இளசு, மெல்ல நன்றாக இருக்கும், சீக்கிரம் வாடும். கல்யாணத் தாம்பூலத்துக்கு முதல்நாளே வாங்குவதென்றால் கொஞ்சம் முற்றியதே தாங்கும். நல்ல கவுளியின் நடுவில் கிழிந்ததையும் புள்ளி விழுந்ததையும் செருகுவார்கள். கவுளியை விசிறிபோல் விரித்துப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

மேளம் பேசும்போது

‘ஒரு செட்’ என்றால் எத்தனை பேர் என்பது முதல் கேள்வி. முழுசாக இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம், ஒத்து அல்லது சுருதிப்பெட்டி. ஒரு நாயனம் ஒரு தவிலோடும் ‘செட்’ என்றே பேசப்படுவதுண்டு. மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், நலங்கு என்று எத்தனை வேளை, போக்குவரத்து யார் செலவு, எல்லாம் அச்சாரத்துக்கு முன்.

கட்டை என்பது சுருதி அளவு. நீளமான பாரி நாயனம் இரண்டு, இரண்டரைக் கட்டையில் கனமாகப் பேசும். குட்டையான திமிரி அதைவிட மேலே, கூர்மையாக ஒலிக்கும். பாரியைப் பெருவழக்காக்கியவர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை. சின்ன மண்டபத்துக்குப் பாரி காதுக்கு இதம். நரசிங்கம்பேட்டை ஆச்சா மரத்து நாயனங்களுக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வாசிப்பவர்கள் வந்ததும் மேடையேற்றிவிடாதீர்கள். சீவாளி நாணல்தட்டையில் செய்தது. எச்சில் ஊறிப் பதம் வர நேரம் வேண்டும். மின்விசிறியோ ஏசியோ நேராக அடித்தால் காய்ந்து ‘எழும்பாது’. மழை நாளில் தவில் தோல் தளர்ந்து ‘இறங்கிடும்’. அவர்களுக்கு ஈரமில்லாத ஒரு மூலை கொடுங்கள். மைக்கை நாயனத்தின் அடிவாயான அணசுக்குள் திணிக்காமல் இரண்டு, மூன்றடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கெட்டிமேளத்துக்கு ஒருவரை நிற்க வைப்பது அவசியம். தாலி எடுக்கும்போது கூட்டம் எழுந்து நின்றுவிடும், தவில்காரருக்கு மணவறை தெரியாது. வாத்தியார் விரலை அசைப்பதைப் பார்த்து, தவில்காரர் கண்ணுக்குப் படும் இடத்தில் நின்று கையை உயர்த்த ஓர் ஆள். இதை மறந்த கல்யாணங்களில் முடிச்சு விழுந்த பிறகுதான் கெட்டிமேளம் கேட்கும்.

சுவாமிமலையில் விக்கிரகம் சொல்லிவைக்க

‘ஒண்ணரை அடி’ என்றால் பீடத்தோடு சேர்த்தா, திருவாசியோடு சேர்த்தா, பாதத்திலிருந்து தலை வரையா? மூன்றும் மூன்று விலை. ஸ்தபதி அளவு வைப்பது அடிக்கோலில் இல்லை, ஒடியோலையில். தென்னங்கீற்றில் ஓர் இலையை விக்கிரகத்தின் உயரத்துக்கு நறுக்கி, கணக்காக மடித்து மடித்துப் பாகம் பிரிப்பார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் ஒரு குறி: முகம், கழுத்து, மார்பு, நாபி, முழங்கால். பெரிய தெய்வங்களுக்கான உத்தம தசதாலம் என்ற அளவுமுறையில் உயரம் 124 பாகம். விரலால் நீவி மடிக்கும் அந்த ஓலையை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் விக்கிரகத்தின் எல்லா அளவும் அதற்குள் இருக்கும்.

தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகுருவம். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசுவார்கள், நகைக் கோடு வரை பதிவது இந்த முதல் பூச்சில்தான். பிறகு கெட்டி மண், கம்பிக்கட்டு. சூடு காட்டி மெழுகை இறக்கிவிட்டு உலோகம் வார்ப்பது. மெழுகுருவத்தின் எடையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கெட்டி வார்ப்பானால் உலோகம் ஏறக்குறைய ஒன்பது மடங்கு வரும். இரண்டு கிலோ மெழுகுக்குப் பதினெட்டுக் கிலோவை ஒட்டி. கைக்கு வந்த விக்கிரகம் அதைவிட வெகுவாக இலேசாக இருந்தால் உள்ளே கூடு விட்டு வார்த்திருக்கிறார்கள் என்று பொருள். அதில் தவறில்லை, ஆனால் கெட்டி வார்ப்பின் விலையைக் கொடுக்கக் கூடாது.

முதுகுப்பக்கம், அக்குள், பீடத்தின் அடி, மூன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அச்சில் ஈரம் நின்றாலோ காற்று போக வழியில்லாமல் போனாலோ அங்கேதான் பொத்தல் விழும். பிறகு வேறு உலோகம் வைத்து அடைத்து ராவியிருப்பார்கள். நிறம் ஒரு சாயல் மாறி நிற்பதில் தெரிந்துவிடும். உடலில் நெடுக ஒரே கோடு ஓடினால் அது ரப்பர் அச்சில் எடுத்த மெழுகு, பல பிரதிகளில் ஒன்று. ஒற்றை மெழுகு, ஒற்றை அச்சு, உடைத்து எடுத்தது வேண்டுமென்றால் மெழுகுருவ நிலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். திருத்தம் சொல்வதற்கும் அதுதான் நேரம். மூக்கு கூராக வேண்டும், அபய கரம் இன்னும் சற்று உயர வேண்டும் என்றால் மெழுகில் ஒரு சூட்டுக்கம்பி போதும். வார்த்த பிறகு உளிதான், அதுவும் குறைக்க மட்டுமே முடியும்.

கண் திறப்பது கடைசியில். எந்த நாள், யார் முன்னால் என்பதை ஸ்தபதியிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அதுவரை விழியைத் தொடாமல் வைத்திருப்பார்.